தகவல் அறிதிறன்: தனித் தாளா, எல்லாத் தாள்களுக்குள்ளும் கலந்ததா?

அல்சூர்_பொருளியல்

பெங்களூரில், பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற தனியார் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். கலை, அறிவியல், வணிகவியல், கணினிப் பயன்பாடு என எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் தகவல் அறிதிறனையும் (தகவலைத் தேடி, எடைபோட்டு, சான்றோடு பயன்படுத்தும் திறன்) தொழில்நுட்ப அறிதிறனையும் வரும் கல்வியாண்டிலிருந்து கற்பிக்க ஒரு திட்டம் வகுத்துத் தருமாறு எங்கள் முதல்வர் குழு ஒன்றை அமைத்திருக்கிறார். முதல் கூட்டத்திலேயே குழு இரண்டு கட்சியாகிவிட்டது. முதல் செமஸ்டரில் தனியாக ஒரு தாளை வைத்துக் கணினித் துறையிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. ஒவ்வொரு துறையும் தான் ஏற்கெனவே நடத்தும் தாள்களுக்குள்ளேயே, மூன்று ஆண்டுகளிலும் பரவலாக, இதைக் கற்பிக்க வேண்டும் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. இந்த இணைய மன்றத்தில் பல கல்லூரிகளின் ஆசிரியர்களும் நூலகர்களும் இருப்பதால் என் வாதத்தை முன்வைக்கிறேன். எதிர்வாதங்களையும் கேட்க விரும்புகிறேன்.

முதலாண்டு மாணவர்களுக்கு வழக்கமாக ஒரு பயிற்சி கொடுப்பேன். பெங்களூரின் மக்கள்தொகை எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதை எங்கே எடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஒருவர் 84 லட்சம் என்பார், இன்னொருவர் 96 லட்சம் என்பார், வேறு சிலர் ஒரு கோடியை எளிதாகத் தாண்டிவிடுவார்கள். எங்கே எடுத்தீர்கள் என்பதற்கு ஏறக்குறைய எல்லோரும் எழுதும் விடை ‘கூகுள்’ என்பதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் வசித்தவர்கள் 84,43,675 பேர். பெங்களூரு நகர மாவட்டத்தில் வசித்தவர்கள் 96,21,551 பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை என்பதால், ஒரு கோடிக்கு மேற்பட்ட எண்கள் யாவும் மதிப்பீடுகள். அவற்றை யார், எந்த எல்லையை வைத்து, எந்த வளர்ச்சி வீதத்தைக் கொண்டு மதிப்பிட்டார்கள் என்று பார்க்காமல் எடுத்தாள முடியாது. இந்த மாணவர்கள் எல்லோருக்கும் தேடத் தெரிந்திருக்கிறது. எந்த எல்லை, எந்த ஆண்டு, எண்ணியதா மதிப்பிட்டதா என்று கேட்கத்தான் தெரியவில்லை. அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் பொருளியல் ஆசிரியரே அன்றிக் கணினி ஆசிரியர் அல்லர்.

இறுதியாண்டில் இதே சிக்கல் இன்னும் கடினமாகிறது. 2017-18க்கான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, நாட்டின் வேலையின்மை வீதம் 6.1 விழுக்காடு என்றது. 45 ஆண்டுகளில் இல்லாத உயர்வு என்று செய்தித்தாள்கள் எழுதின. கணக்கெடுக்கும் முறையே மாறிவிட்டதால் பழைய எண்களோடு ஒப்பிடக்கூடாது என்று அரசுத் தரப்பு சொன்னது. இவ்விரண்டு கூற்றுகளையும் எடைபோட வேண்டுமானால் மாதிரி எடுக்கும் முறையும், ஒருவரை ‘வேலையற்றவர்’ என்று வகைப்படுத்த ஓராண்டைப் பார்க்கிறார்களா ஒரு வாரத்தைப் பார்க்கிறார்களா என்ற வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். இதை எந்தத் தனித் தாளில், எந்த வாரத்தில் நடத்துவது?

தனித் தாள் நமக்குப் புதிதும் அல்ல. 2021-22இல் கர்நாடகம் புதிய கல்விக் கொள்கையைச் செயல்படுத்தியபோது ‘டிஜிட்டல் ஃபுளுயன்சி’ என்று ஒரு திறன் மேம்பாட்டுத் தாள் வந்தது. 2024இல் மாநிலம் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கே திரும்பியபோது பாடத்திட்டம் மறுபடியும் மாறியது. அந்தத் தாளில் தேறிய மாணவர்களும் என் பயிற்சியில் ‘கூகுள்’ என்றே எழுதினார்கள்.

நிரல்நெசவு

ஐயா, உங்கள் மக்கள்தொகைப் பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் அது உங்கள் வகுப்பில் மட்டும் நடக்கிறது என்பதே என் கவலை. உங்களைப் போல ஆர்வம் உள்ள ஆசிரியர் ஒரு துறைக்கு ஒருவர் இருந்தால் பெரிது. எல்லாத் துறைகளும் கற்பிக்கும் என்று தீர்மானம் போட்டால், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் ‘நாக்’ அமைப்புக்கான கோப்பில் ஒரு பக்கம் அழகாகச் சேரும். வகுப்பறையில் ஒன்றும் நடக்காது. எல்லோர் பெயரிலும் எழுதிய வேலை யார் கணக்கிலும் ஏறுவதில்லை. தனித் தாள் என்றால் அதற்குக் கால அட்டவணையில் இடம் உண்டு, நடத்த ஆள் உண்டு, தேர்வு உண்டு.

மேலும், நீங்கள் மேல்தளத்திலிருந்து பேசுகிறீர்கள். நாங்கள் அடித்தளத்தில் நிற்கிறோம். பி.காம். முதலாண்டு மாணவர் ஒருவர் லேபில் விரிதாள் ஒன்றை முடித்துச் சேமித்தார். எங்கே சேமித்தீர்கள் என்று கேட்டதற்கு ‘எக்செல்லில்’ என்றார். எந்த ஃபோல்டரில் என்று கேட்டபோது கேள்வியே அவருக்குப் புரியவில்லை. பிறகு, மின்னஞ்சலில் கோப்பை இணைத்து அனுப்பச் சொன்னால், கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இதில் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. கைபேசியிலேயே வளர்ந்த தலைமுறைக்குக் கோப்பு என்பது அந்தந்தச் செயலிக்குள் இருக்கும் ஒன்று. அதற்கென்று ஓர் இடம், ஒரு பாதை, ஒரு வடிவம் உண்டு என்பதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரிடம் போய்க் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் தரவுக் கோப்பைத் தரவிறக்கச் சொல்ல முடியுமா?

பாதுகாப்பும் இருக்கிறது. ‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்று சட்டத்தில் இல்லை என்பதும், பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் தெரியாமல் நம் ஊரில் படித்தவர்களே சேமிப்பை இழக்கிறார்கள். கடவுச்சொல், இருபடிச் சரிபார்ப்பு, ஒரு செயலிக்கு எந்தெந்த அனுமதியைக் கொடுக்கலாம் என்பவற்றையெல்லாம் வரலாற்றுத் துறை நடத்தப்போகிறதா? தனித் தாள் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அட்டைப்பேழை

ஜெயநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இந்த விவாதத்தில் நூலகம் என்ற சொல் இன்னும் வரவில்லை என்பதைக் கவனித்தேன், வியப்படையவில்லை.

எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு பிரிவு மாணவர்களையும் அழைத்து வந்து, ஒரு மணி நேரத்தில் அடுக்குகளையும் இணையவழி அட்டவணையையும் காட்டி, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட் சேவை பற்றி நான்கு சறுக்குப் படங்களை ஓட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். சமையலறையைச் சுற்றிக் காட்டினால் சமைக்கத் தெரிந்துவிடுமா? தேட வேண்டிய தேவை இன்னும் எழாத மாணவருக்குத் தேடும் முறையைச் சொன்னால் அது மனத்தில் தங்காது. ஒப்படைப்புக்கான நாள் நெருங்கும்போதுதான் தேவை எழுகிறது. அப்போது நூலகர் அந்த வகுப்பில் இருப்பதில்லை.

சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான ரங்கநாதன், 1962இல் நம் பெங்களூரில்தான் ஆவணவாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972இல் இங்கேயே மறைந்தார். வாசகரிடம் பேசி, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அறிந்து, அதை அவர் கையில் சேர்ப்பதே நூலகரின் முதன்மைப் பணி என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் பல தனியார் கல்லூரிகளில் நூலகர் ‘கற்பிக்காத பணியாளர்’ பட்டியலில்தான் இருக்கிறார். பாடத்திட்டக் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வராது.

தனித் தாளா, கலந்ததா என்பதற்கு வருகிறேன். தகவல் அறிதிறன் என்ற கருத்தை 1974இல் பால் சுர்கோவ்ஸ்கி முன்வைத்தபோது அது அமெரிக்கத் தொழில்துறைப் பணியாளர்களுக்கான திறனாகவே பேசப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் அதை உயர்கல்விக்கான தர அளவுகோல்களாக வரிசைப்படுத்தியது. மாணவர் இதைச் செய்வார், அதைச் செய்வார் என்று சரிபார்க்கத்தக்க பட்டியல் அது; தனித் தாளுக்கு மிகவும் தோதானது. அதே சங்கம் 2016இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு மூலத்தின் நம்பகம் சூழலைப் பொறுத்தது என்பதும், அறிவுத்துறை ஒவ்வொன்றும் நீண்டகாலமாக நடந்துவரும் உரையாடல் என்பதும் அவற்றுள் அடங்கும். எந்தச் சூழல், எந்த உரையாடல் என்று கேட்டவுடன் ஒரு துறைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். பட்டியலை வகுத்தவர்களே அதை விட்டு வந்துவிட்டார்கள் என்பதைக் குழுவில் சொல்லுங்கள்.

இன்னொன்று. இணையதளத்தின் தோற்றம், ‘எங்களைப் பற்றி’ பக்கம், கடைசியாகப் புதுப்பித்த நாள் ஆகியவற்றைப் பார்த்து நம்பகத்தை அளவிடச் சொல்லும் பட்டியலை இன்னும் பல கல்லூரிகளில் நடத்துகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைன்பர்க், மெக்ரூ இருவரும் 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரை ஒரே தளங்களைப் பார்க்க வைத்து ஆராய்ந்தார்கள். பெரிய குழந்தை மருத்துவச் சங்கம் ஒன்றின் தளத்தையும், ஏறக்குறைய அதே பெயரோடு பிரிந்து நிற்கும் சிறு குழு ஒன்றின் தளத்தையும் காட்டியபோது, மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவின் பக்கமே நம்பத்தக்கது என்றார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அதை விட்டு வெளியேறி, புதிய தாவல்களில் அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பழக வேண்டியது இந்த வெளியேறும் பழக்கம். இது சொல்லி வருவதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் செய்து செய்துதான் வரும்.

மூன்றாமாண்டு_மாணவி

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் மாணவி ஒருத்தி நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். எங்களுடைய நிலையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆசிரியர் விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்கிறார். அடுத்த பாடவேளையில் வருபவர் விக்கிப்பீடியாவில் பார்த்து எழுதி வாருங்கள் என்கிறார். ஒருவர் அடிக்குறிப்பு கேட்கிறார், இன்னொருவர் கடைசிப் பக்கத்தில் இணையதள முகவரிகளைப் போட்டால் போதும் என்கிறார். ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள்: பக்க எண்ணிக்கை. இருபது பக்கத்துக்குக் குறையக்கூடாது, வண்ண அட்டை வேண்டும், ஸ்பைரல் பைண்டிங் வேண்டும். மூன்று பக்கத்தில் சொல்லிவிடக்கூடிய ஒன்றை இருபது பக்கமாக்கச் சொன்னால் நாங்கள் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டத்தான் செய்வோம். முன்பு பிறருடைய கட்டுரைகளிலிருந்து ஒட்டினோம், இப்போது சாட்ஜிபிடியிடமிருந்து. மூலத்தைத் தேடிச் சரிபார்த்தவர்களுக்கும் ஒட்டியவர்களுக்கும் ஒரே மதிப்பெண் வரும்போது எதற்காகத் தேட வேண்டும் சார்?

ஏட்டுப்பிரதி

அந்த மாணவியின் கேள்விக்கு நாம் எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் என் துறையின் தரப்பைப் பதிவு செய்கிறேன். பெங்களூரில் தமிழை மொழிப்பாடமாக இன்னும் நடத்திக்கொண்டிருக்கும் சில கல்லூரிகளுள் ஒன்றில் இருக்கிறேன்.

சான்று காட்டுவதை ஆங்கிலத் துறையும் அறிவியல் துறையும் கற்பிக்க வேண்டிய அயல்நாட்டுப் பழக்கம் என்று கருதுவது தவறு. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது எந்தெந்த ஏட்டுப்பிரதிகளை ஒப்பிட்டார், அவை யாரிடமிருந்து கிடைத்தன, எங்கே சிதைந்திருந்தன, எங்கே பாடம் வேறுபட்டது என்பதையெல்லாம் குறித்து வைத்தார். என் மாணவர்களுக்கு மேற்கோள் முறையை அந்த முன்னுரைகளிலிருந்துதான் தொடங்குகிறேன். இணையத்தில் கிடைக்கும் ஒரு சங்கப்பாடல் எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டது என்று கேட்கும் பழக்கம் அதன் பிறகு தானாக வருகிறது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிடும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் மூலப்பதிப்பைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் முகப்பிலேயே இருக்கிறது. மாணவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

தமிழில் தேடுவதற்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. கணினித் துறை ஆசிரியர் நிரல்நெசவு அவர்கள் இதை அருகில் இருந்து பார்க்க வேண்டும். கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி ஒரு மாணவர் எழுத முன்வந்தார். அவருடைய தாத்தா அங்கே சுரங்கத்தில் இருந்தவர். ‘கே.ஜி.எஃப்.’ என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயரால் தேடினார். வந்தவை யாவும் அதே பெயரில் வந்த திரைப்படத்தின் செய்திகள். தமிழில் ‘தங்கவயல்’ என்று சரியான சொல்லை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடினால், ‘தங்கவயலில்’, ‘தங்கவயலுக்கு’ என்று வேற்றுமை உருபு ஏறிய சொற்கள் சில தேடுகருவிகளில் அகப்படாமல் போகின்றன. ‘சுரங்கம்’ என்று தேடினால் ‘சுரங்கத்தில்’ கிடைக்காமல் போகலாம். ஏனென்றால் மகர மெய் போய் அத்துச் சாரியை வந்துவிடுகிறது. ஆகவே ‘சுரங்க’ என்ற பகுதியை மட்டும் இட வேண்டும். பழைய நூல்களின் ஒளிவருடல்களில், படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் தப்பும் தவறுமாகப் படித்திருக்கும் என்பதால் அட்டவணையைக் கண்ணால் புரட்டியே ஆக வேண்டும். கோலார், கோலாறு, மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் என்று ஊர்ப் பெயர்களையும் மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

அப்படித் தேடியபோதுதான், அயோத்திதாசரின் நூல்கள் அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை வழியாக வெளிவந்த செய்தி அந்த மாணவருக்குக் கிடைத்தது. அங்கிருந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் என்று போனார். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது என்பதைத் தாண்டி வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லாதவற்றை அச்சிட்ட பக்கங்களில் படித்தார். இந்தத் தேடலை முதல் செமஸ்டரின் பொதுத் தாள் ஒன்றில் எப்படி நடத்துவது? சாரியையைத் தெரிந்தவர் தமிழாசிரியர். ஆனால் எழுத்துணரி எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்கு நிரல்நெசவு போன்ற ஒருவர்தான் விளக்க வேண்டும். இருவரும் ஒரே வகுப்பில் ஒரு மணி நேரம் நிற்க முடிந்தால் அதுவே நான் விரும்பும் ஏற்பாடு.

செவிலியர்_பயிற்றுநர்

எங்கள் துறையில் இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காட்டிய வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 2010இல்தான் அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றது. நல்ல ஆய்விதழில் வந்ததா என்ற கேள்வியோடு நிற்கும் மாணவி அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிடுவாள். பிறகு என்ன ஆனது, வேறு யார் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள், திரும்பப் பெறப்பட்டதா என்று கேட்க வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் ‘பப்மெட்’ தளத்தில் கட்டுரையின் தலைப்புக்கு மேலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். ஆனால் மாணவிகளிடம் வந்து சேர்வது அந்தப் பக்கம் அன்று, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப். அதில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. எனவே நாங்கள் மருந்தியல் தாளிலேயே இதை நடத்துகிறோம். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்முன் நடத்தினால்தான் பயன்படுகிறது. அடுத்த நாள் வார்டில் நிற்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு கேட்கிறார்கள்.

தன்னாட்சி

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்களுக்குப் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை உண்டு. இணைவு பெற்ற கல்லூரிகளுக்கு இல்லை. அல்சூர் நண்பர் இதை எண்ணிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. உங்கள் கையில் இருப்பது உள்மதிப்பீட்டு மதிப்பெண் மட்டுமே. திட்டம் எதுவானாலும் அந்த மதிப்பெண்ணுக்குள் அடங்க வேண்டும்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள், ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. 40, 60 என்று ஏற ஏறத் தண்டனையும் ஏறுகிறது. பல மாணவர்கள் இதைப் பத்து விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியாகப் படிக்கிறார்கள். சில வழிகாட்டிகளும் அப்படித்தான் படிக்கிறார்கள். ஒப்புமை எண் ஒரு சொல் மற்றொரு சொல்லோடு பொருந்துகிறதா என்று மட்டுமே சொல்லும். இயந்திரம் புதிதாக எழுதிய பத்தியில் ஒப்புமை பெரும்பாலும் மிகக் குறைவாகவே வரும்.

அதற்கும் கண்டறிகருவி இருக்கிறதே என்பார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் குறைவு என்று சொல்லித் தன் கண்டறிகருவியை 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாக வகைப்படுத்தியதை அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிவாஜிநகரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வரும் நம் மாணவர்கள்தான் அந்தக் குற்றச்சாட்டில் முதலில் அகப்படுவார்கள்.

நான் செய்வது வேறு. கட்டுரையின் நீளத்தைக் குறைத்துவிட்டு, தேடல் குறிப்பேடு ஒன்றைச் சேர்த்தேன். என்ன சொற்களை இட்டுத் தேடினார்கள், எதைப் படித்துவிட்டு ஒதுக்கினார்கள், ஏன் ஒதுக்கினார்கள், செயற்கை நுண்ணறிவிடம் என்ன கேட்டார்கள், அது கொடுத்த மேற்கோள்களில் எவை உண்மையில் இருக்கின்றன என்பதை எழுத வேண்டும். நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதித்த செய்தியை வகுப்பில் சொல்வேன். ஆனால் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வது நம் ஊர்ச் செய்திக்குத்தான். 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு பிறப்பித்த ஆணை ஒன்றில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக இருந்தது தெரியவந்து, அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. என் வகுப்பில் மாணவர் எண்ணிக்கை குறைவு. எழுபது பேர் உள்ள பி.காம். வகுப்பில் ஓர் ஆசிரியர் எழுபது குறிப்பேடுகளைப் படிப்பார் என்று நம்பித் திட்டம் வகுக்காதீர்கள். நிரல்நெசவு சொன்ன பணிச்சுமைப் பிரச்சினை உண்மையானது. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அல்சூர்_பொருளியல்

எல்லோருக்கும் நன்றி. என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்தி, குழுவில் வைக்கப்போகும் வரைவை இங்கே தருகிறேன்.

நிரல்நெசவு அவர்களின் அடித்தளத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஃபோல்டர், கோப்பு வடிவம், மின்னஞ்சல், விரிதாள், கடவுச்சொல், இணைய மோசடி ஆகியவை எந்தத் துறைக்கும் உரியவை அல்ல; அவற்றை முதல் செமஸ்டரின் தொடக்க வாரங்களில் கணினி லேபில் செய்முறையாகவே நடத்திவிடலாம். அதற்கு எழுத்துத் தேர்வு வைக்கக்கூடாது என்பதை மட்டும் வலியுறுத்துவேன். எழுத்துத் தேர்வு வைத்தால் ‘இருபடிச் சரிபார்ப்பு என்றால் என்ன, விளக்குக’ என்று ஐந்து மதிப்பெண் வினா வரும்; மாணவர் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டுத் தன் கைபேசியில் அதை இயக்காமலே போவார். இயக்கிக் காட்டினால் தேர்ச்சி என்பதே போதும்.

அதற்கு மேல் உள்ள அனைத்தும் துறைகளுக்குள். ஆனால் எல்லாத் தாள்களிலும் அல்ல. ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒரு தாளைத் தேர்ந்தெடுத்து, அதன் உள்மதிப்பீட்டு ஒப்படைப்பை மட்டும் மாற்றினால் போதும். மூன்றாண்டில் ஒரு மாணவர் இதை மூன்று முறை தன் துறைக்குள் கடந்து வருவார். எந்தத் தாள், யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதிவிட்டால், யார் கணக்கிலும் ஏறாத வேலையாக அது மிஞ்சாது.

ஒப்படைப்புக்கு மாதிரி ஒன்றும் வகுத்துள்ளோம். வணிகவியல் துறையைச் சேர்ந்த சக ஆசிரியர் சத்யம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் கணக்குகளைத் திரித்ததாகக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளோ தணிக்கையாளர் கையொப்பத்தோடு முறையாக வெளிவந்தவை. மாணவர்கள் அந்த ஆண்டறிக்கை ஒன்றையும், கடிதத்தையும், பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபியின் பிந்தைய ஆணை ஒன்றையும் தாங்களே தேடி எடுத்து, வங்கியிருப்பு பற்றி மூன்றும் என்ன சொல்கின்றன என்று இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். இருபது பக்கம் வேண்டாம் என்பதை அந்த மாணவிக்கு மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன். அதிகாரபூர்வமான ஆவணம் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதைத் தணிக்கைத் தாளில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

எழுபது குறிப்பேடுகள் பற்றி: ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்து, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு குறிப்பேடு என்று கேட்கலாம். பதினெட்டுப் பக்கங்களை ஓர் ஆசிரியரால் படிக்க முடியும். குழுவில் ஒருவர் மட்டுமே வேலை செய்வார் என்ற ஆட்சேபணை வரும். குறிப்பேட்டிலிருந்து ஒரு வரியைக் காட்டி, குழுவில் யாரையாவது எழுப்பி, இதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று வகுப்பிலேயே கேட்பதைத் தவிர அதற்கு வேறு வழி தோன்றவில்லை.

நிரல்நெசவு

லேப் பகுதியைப் பிரித்துக் கொடுத்ததில் எனக்கு உடன்பாடே. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. முதலாவது, ஒப்படைப்பை மாற்றப்போகும் ஆசிரியர்களுக்கே செபியின் தளத்தில் ஓர் ஆணையைத் தேடத் தெரியுமா என்பது. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்ட பிறகு, எந்த ஆய்விதழ் போலி என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு கல்லூரிகளிடமே வந்துவிட்டது. பணம் கட்டிப் போலி இதழில் வெளியிட்டவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். மாணவர்களுக்கு முன்னால் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு வேண்டும். இரண்டாவது, உங்கள் வரைவில் நூலகர் எங்கே?

அட்டைப்பேழை

கேட்டதற்கு நன்றி ஐயா. எனக்குத் தனி வகுப்பு வேண்டாம். ஒப்படைப்பை மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் ஆசிரியர் அதை என்னிடம் காட்டினால் போதும். அந்த மூலங்கள் நமக்குக் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆய்விதழ்களைப் படிக்க வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025இல் தொடங்கியபோது மத்திய, மாநில அரசுகளின் நிறுவனங்களுக்கே வழங்கப்பட்டது. எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகள் அதில் இல்லை. என்-லிஸ்ட், ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் திறந்த அணுக்க இதழ்கள் ஆகியவற்றுக்குள் அடங்கும்படி வினாவை அமைத்தால்தான் மாணவர் கட்டணச் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பி வரமாட்டார். என்-லிஸ்டுக்கு ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் உருவாக்க வேண்டும். துறைகள் பெயர்ப் பட்டியலையும் மின்னஞ்சல் முகவரியையும் தராமல் அந்த வேலை நடக்காது. பல கல்லூரிகளில் அது அப்படியே தேங்கிக் கிடக்கிறது.

அல்சூர்_பொருளியல்

இரண்டையும் சேர்த்துவிட்டேன். பயிலரங்கு ஆசிரியர்களுக்கு, கல்லூரி திறப்பதற்கு முன். ஒப்படைப்பு நூலகரின் பார்வைக்கு, இரண்டு வாரத்துக்கு முன். நூலகரைக் குழுவில் உறுப்பினராகச் சேர்க்கும்படி முதல்வருக்கு இன்றே கடிதம் கொடுக்கிறேன். ஏட்டுப்பிரதி அவர்கள் கேட்ட இருவர் சேர்ந்து நடத்தும் வகுப்புக்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையை இரண்டு ஆசிரியர்களின் பணிச்சுமையிலும் எழுத வேண்டும். எங்கள் அலுவலகம் அதை ஏற்குமா என்பது ஐயமே. உங்களில் யாருடைய கல்லூரியிலாவது அப்படி எழுதியிருந்தால், அந்த ஆணையின் வாசகத்தை மட்டும், கல்லூரியின் பெயரை மறைத்து, இங்கே பகிருங்கள்.